கணப்புக்கும் கறிச்சட்டிக்கும் ஒரே எண்ணெய்

அமெரிக்க ஐக்கிய நாட்டைச் சேர்ந்த நியூ யோர்க் மாநிலத்தில், வீடுகளைச் சூடாக்குவதற்கென விற்கப்படும் எண்ணெயில் நூற்றுக்குப் பத்துப் பங்கு உயிரி டீசல் கலந்திருத்தல் வேண்டுமென்னும் விதி 2025ஆம் ஆண்டு யூலை மாதம் முதலாந் திகதிக்கென எழுதப்பட்டது. 2022இல் அப்பங்கு ஐந்தாக இருந்தது. 2030இல் அஃது இருபதாக உயரவேண்டுமென்று அதே சட்டம் சொல்கின்றது. அக்கரையிலேயே உள்ள சின்னஞ்சிறு மாநிலமாகிய றோட் ஐலண்ட் இன்னும் விரைந்து நடக்க முற்பட்டது: 2023இல் பத்து, 2025இல் இருபது, 2030இல் ஐம்பது என்பது அதன் திட்டம்.

பனிக்கட்டியைக் குளிர்பானக் கடையிலன்றி வேறெங்கும் காணாத நமக்கு இச்சட்டங்களால் ஆவதென்ன என்று வாசகர் கேட்கலாம். கேட்கவேண்டிய கேள்விதான். நோர்வேயிலும் சுவிற்சர்லாந்திலும் கனடாவிலும் குடியேறிய நம்மவர் ஆண்டில் ஐந்தாறு மாதம் வீட்டுக்குள் சூடின்றி வாழவியலாது. அவர்தம் எரிபொருட் செலவு குறைந்தால் ஊருக்கு வரும் உதவி கூடும், கூடினால் குறையும். இஃது ஒரு தொடர்பு. இதனினும் நெருங்கிய தொடர்பு ஒன்றுண்டு. அங்கே கணப்பில் எரியப்போகும் எண்ணெயும் இங்கே நம் கறிச்சட்டியிற் கொதிக்கும் எண்ணெயும் ஒரே உலகச் சந்தையில் விலை பேசப்படும் பொருள்கள். ஓரிடத்து அடுப்பு பெருத்தால் மற்றோரிடத்துச் சட்டி வற்றுமா என்பதே நாம் இன்று ஆராயப் புகுந்த விடயம்.

முதலிற் பொருளை விளங்கிக்கொள்வோம். அமெரிக்காவில் ஏறக்குறைய 50 இலட்சம் குடும்பங்கள் எண்ணெயைக் கொண்டே வீட்டைச் சூடாக்குகின்றன. அவற்றுள் ஐந்தில் நான்கு பங்குக்கு மேற்பட்டவை வடகிழக்கு மாநிலங்களில் உள்ளன. வீட்டின் கீழே நிலவறை. நிலவறையின் மூலையில் 275 கலன் கொள்ளும் உருக்குத் தாங்கி. அதிலிருந்து ஒரு குழாய் கொதிகலனுக்குச் செல்லும். நுண்ணிய துளையூடாக எண்ணெய் புகைபோற் பீச்சப்பட, மின்பொறி அதனைப் பற்றவைக்கும். சூடேறிய நீரோ காற்றோ வீடெங்கும் உலாவும். இவ்வெண்ணெய் நமது உழவு இயந்திரத்தில் ஊற்றும் டீசலின் உடன்பிறப்பே. வரிவிதிப்பிலும் சாயத்திலுமே இரண்டுக்கும் பெருவேறுபாடு.

உயிரி டீசல் என்பது வேறொன்று. நூறு றாத்தல் சோயா எண்ணெயையோ, பொரித்துக் கழித்த எண்ணெயையோ, மாட்டுக் கொழுப்பையோ எடுத்து, பத்து றாத்தல் மெதனோலும் சிறிதளவு கொஸ்ரிக் சோடா போன்ற காரமும் சேர்த்துக் கலக்கினால், ஏறக்குறைய நூறு றாத்தல் உயிரி டீசலும் பத்து றாத்தல் கிளிசரினும் பிரிந்து வரும். தாவர எண்ணெயின் தடிப்பு நீங்கி, டீசல்போல் இலகுவாய் ஓடும் பொருளாக அது மாறிவிடுகின்றது. சவர்க்காரம் காய்ச்சிய கையினர்க்கு இவ்வேலையின் சாயல் புரியாமற் போகாது. ஆயினும் வீட்டு முற்றத்திற் செய்து பார்க்கத் தக்கதன்று. மெதனோல் கண்ணைக் குருடாக்கும் நஞ்சு. எளிதிற் பற்றி எரியும். காரமோ தோலை அரிக்கும்.

இதனோடு குழப்பிக்கொள்ளக் கூடாத இன்னொரு பொருளும் உண்டு. அதே எண்ணெய்களை ஐதரசன் வாயுவோடு உயர்ந்த வெப்பத்தில் தாக்கமுறச் செய்து பெறப்படுவதைப் ‘புதுப்பிக்கத்தக்க டீசல்’ என்கின்றனர். அது கனிய டீசலைப் போன்ற ஐதரோகாபனே. ஆகவே எவ்வளவும் கலக்கலாம், குளிருக்கும் ஏற்றவாறு ஆக்கலாம். செலவு மிகுந்த பெரிய ஆலைகள் அதற்கு வேண்டும்.

இவ்வெண்ணத்துக்கு வயது நூற்றுக்கு மேல். 1900இல் பாரிஸ் மாநகரில் நடந்த உலகக் கண்காட்சியில் சிறியதொரு டீசல் இயந்திரம் கச்சான் எண்ணெயால் இயக்கிக் காட்டப்பட்டது. இயந்திரத்துக்குப் பெயர் தந்த றுடோல்ப் டீசலே பின்னர் இதனை எடுத்துரைத்தார். வேண்டிக்கொண்டது பிரெஞ்சு அரசாங்கம். அதன் கண் இருந்ததோ ஆபிரிக்கக் குடியேற்ற நாடுகளில் விளைந்த கச்சான் மீது. 1937இல் புறூசெல்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சவான் என்பார் பாம் எண்ணெயை இவ்வாறு மாற்றும் முறைக்கு உரிமைப் பத்திரம் பெற்றார். மறு ஆண்டு புறூசெல்சுக்கும் லூவேனுக்கும் இடையே ஒரு பேருந்து அவ்வெண்ணெயில் ஓடியது. பாம் எண்ணெய் கொங்கோவிலிருந்து வரலாம். கொங்கோ அன்று பெல்ஜியத்தின் உடைமை. அயலான் வயலில் விளைந்ததைத் தன் இயந்திரத்தில் ஊற்றிப் பார்க்கும் ஆசையோடு பிறந்த தொழில் இது என்பதை, அரசியல் கற்ற வாசகர் மறவாதிருப்பது நன்று.

ஆயினும் பிறப்பைக் காட்டிப் பிள்ளையைப் பழிப்பது நீதியாகாது. இன்றைய கலவை எண்ணெயின் நன்மைகள் உண்மையானவை. உயிரி டீசலில் கந்தகம் இல்லையென்றே சொல்லலாம். நியூ யோர்க் நகரத்து உயர்ந்த கட்டடங்கள் பல, தார்போலத் தடித்த ஆறாம் இலக்க எண்ணெயை எரித்துக் கரும்புகை கக்கிய காலம் அண்மைக் காலந்தான். 2015 வரையில் அவ்வெண்ணெய் ஒழிக்கப்பட்டது. இரண்டாம் இலக்க எண்ணெயிலும் கந்தகத்தைப் பத்து இலட்சத்தில் 15 பங்குக்கு மேற்படாதபடி மாநில அரசு 2012இற் கட்டுப்படுத்திற்று. நகர அரசு அதே ஆண்டு ஒற்றோபர் தொடக்கம் நூற்றுக்கு இரண்டு பங்கு உயிரி டீசலையும் கட்டாயமாக்கியது. காசநோய்க்காரர், இளைப்பு நோய்க்காரர், சிறு குழந்தைகள் ஆகியோரின் நெஞ்சுக்கு இவை யாவும் சேர்ந்து செய்த நன்மை பெரிது.

ஏழைக் குடும்பத்துக்கு இன்னொரு வசதி. பழைய கொதிகலனைப் பெயர்த்தெறிந்து, வெளிக்காற்றின் வெப்பத்தை மின்சாரத்தால் உள்ளிழுக்கும் புதுக் கருவியைப் பொருத்தப் பல்லாயிரம் டொலர் வேண்டும். கலவை எண்ணெய்க்கோ, நூற்றுக்கு ஐந்து வரை எதையும் மாற்ற வேண்டுவதில்லை. இருபது வரை செல்வதற்கும் சிறிது கவனமே போதும். அமெரிக்கத் தர நிர்ணயத்தார் 2008இல் ஐந்து வரையும் 2015இல் இருபது வரையும் இதனை ஏற்றுக்கொண்டனர்.

அந்தச் சிறிது கவனம் யாது? எண்ணெய் வியாபாரி சில வேளை சொல்லாமல் விடுவதையே நாம் விரித்துச் சொல்லவேண்டியிருக்கின்றது. உயிரி டீசல் அழுக்கைக் கரைக்கும் இயல்பினது. முப்பது நாற்பது ஆண்டு மாற்றாத தாங்கியின் அடியிற் படிந்த கசடு முழுவதையும் அது கிளப்பிவிடும். கிளம்பிய கசடு வடிகட்டியை அடைக்கும். நடுச்சாமத்தில் வீடு குளிர்ந்துபோகும். ஆகையால் கலவைக்கு மாறும் முதற் குளிர்காலத்தில் வடிகட்டியை முன்கூட்டியே மாற்றுதல் வேண்டும். கலவை உயர உயரப் பழைய றப்பர் வளையங்கள் ஊதி நெகிழும். செம்பும் பித்தளையும் எண்ணெய் கெடுவதை விரைவுபடுத்தும். எரிகின்ற சுடரைப் பார்த்துக் கொதிகலனைக் காவல் செய்யும் ஒளிக்கண், தூய உயிரி டீசலின் மங்கிய சுடரைக் காணாமல், ‘நெருப்பு அணைந்தது’ என்று எண்ணி இயந்திரத்தை நிறுத்திவிடுவதும் உண்டு.

குளிரைப் பற்றியும் ஒரு வார்த்தை. நமது தேங்காயெண்ணெய் மார்கழி விடியலில் போத்தலுக்குள் உறைந்து நிற்பதை அறியாத தமிழ்ப் பெண் இல்லை. அதே நியாயந்தான். சோயாவிலிருந்து வந்த உயிரி டீசல் நீர் உறையும் வெப்பநிலையை அண்டியே கலங்கத் தொடங்கும். பாம் எண்ணெயிலும் மாட்டுக் கொழுப்பிலும் பிறந்தவை, நமக்குச் சற்றே குளிரென்று தோன்றும் நிலையிலேயே கலங்கிவிடும். நிலவறைத் தாங்கிக்கு இதனால் இடரில்லை. வீட்டின் வெளிச்சுவரோரம் தாங்கி வைத்தோர் கலவையின் பங்கையும் மூலத்தையும் கேட்டறிந்தே வாங்கவேண்டும். ஒரு கலன் உயிரி டீசல் தரும் வெப்பம் கனிய எண்ணெயினும் நூற்றுக்கு எட்டளவு குறைவு என்பதையும் கணக்கிற் சேர்க்கவேண்டும். இருபது வீதக் கலவையில் இக்குறைவு பெரிதாய்த் தோன்றாது.

இனி, விளம்பரத்தின் பக்கம் வருவோம். ‘பயோஹீட்’ என்னும் வியாபாரப் பெயரோடு இவ்வெண்ணெய் விற்கப்படுகின்றது. பசுமையான இலையொன்றைப் படத்திற் போட்டுவிட்டால் வாங்குவோன் மனச்சாட்சி குளிர்ந்துவிடும் என்பது வியாபாரியின் நம்பிக்கை. கணக்கு என்ன சொல்கின்றது? தாவரம் வளரும்போது உறிஞ்சிய கரியமில வாயுவே எரியும்போது வெளியேறுகின்றது என்பது மெய். ஆனால் உரம் கனிய வாயுவிற் பிறந்தது. உழவு இயந்திரம் டீசலில் ஓடியது. மெதனோலும் பெரும்பாலும் கனிய வாயுவிலிருந்தே வந்தது. காடு வெட்டி நிலம் திருத்தியிருந்தால் அக்கணக்கு வேறு. இவையனைத்தையும் சேர்த்து அமெரிக்கச் சுற்றாடல் பாதுகாப்பு நிறுவனம் 2010இல் மதிப்பிட்டபோது, கனிய டீசலோடு ஒப்பிடச் சோயா உயிரி டீசலால் நூற்றுக்கு 57 பங்கும், கழிவெண்ணெயால் 86 பங்கும் குறைவு உண்டாகும் என்று கண்டது. பாம் எண்ணெயை 2012இல் ஆராய்ந்தபோது 17 பங்கே குறைவு எனக் கண்டு, குறைந்தது 20 வேண்டுமென்ற தன் அளவுகோலுக்கு அஃது எட்டவில்லையென அறிவித்தது.

ஆகவே பத்து வீதம் சோயாக் கலவையால் நூற்றுக்கு ஆறும் குறையாது. இருபது வீதக் கலவையால் பதினொன்றளவே குறையும். கூரையிலும் சுவரிலும் காற்றுப் புகும் இடுக்குகளை அடைத்து, வெப்பம் தாங்கும் பஞ்சை நிரப்பினால், அதே வீட்டில் இதற்கு ஒப்பான சேமிப்பையோ மேலானதையோ பெறலாம். இடுக்கை அடைக்கும் தச்சனுக்குப் பத்திரிகையில் முழுப்பக்க விளம்பரம் போட யாரும் இல்லை.

நிலக்கணக்கைக் கமக்காரர் நம்மினும் நன்றாகப் போடுவர். நல்ல விளைச்சலில் ஓர் ஏக்கர் சோயா 50 புசல் தரும். ஒரு புசலில் எண்ணெய் 11 றாத்தல். மொத்தம் 550 றாத்தல், அஃதாவது எழுபதுக்குச் சற்று மேற்பட்ட அமெரிக்கக் கலன். ஒரு வீடு ஒரு குளிர்காலத்துக்கு ஏறக்குறைய 500 கலன் எரிக்கின்றது. முழுவதும் உயிரி டீசலே என்றால் ஒரு வீட்டுக்கு ஏழு ஏக்கர். இருபது வீதமாயினும் ஏறக்குறைய ஒன்றரை ஏக்கர். நமது குடாநாட்டில் எட்டுப் பரப்பில் வெங்காயமும் புகையிலையும் செய்து பிள்ளைகளைப் படிக்கவைத்த கமக்காரன் இந்த எண்களைப் படித்துத் திகைக்க நியாயமுண்டு. எண்ணெய் பிழிந்தபின் எஞ்சும் பிண்ணாக்கே சோயாவின் பெரும்பகுதி என்பதையும், அது கால்நடைக்கும் கோழிக்கும் உணவாகின்றது என்பதையும் நீதிக்காகச் சொல்லவேண்டும். ஆயினும் 50 இலட்சம் வீடுகளைப் பெருக்கிப் பாருங்கள்: 250 கோடிக் கலன். அமெரிக்கா அண்மை ஆண்டுகளில் ஆண்டொன்றுக்கு ஆக்கிய உயிரி டீசல் முழுவதும் 160, 170 கோடிக் கலன் அளவே. அதிற் பெரும்பங்கு பாரவண்டிகளுக்குப் போகின்றது. அமெரிக்காவிற் பிழியப்படும் சோயா எண்ணெயிற் பாதிக்கு அண்மையான பங்கு ஏற்கெனவே எரிபொருளாகிவிட்டது.

இந்த இடத்தில்தான் மசாசுசெற்ஸ் மாநிலத்தின் அனுபவம் நம் கருத்தை ஈர்க்கின்றது. அம்மாநிலம் 2008இலேயே கட்டாயக் கலவைச் சட்டம் இயற்றியது. 2010இல் அதனை இடைநிறுத்தி வைத்தது. பின்னர் வேறொரு வழியை எடுத்தது. கலவை எவ்வளவு என்று கட்டளையிடாமல், கழிவுப் பொருளிலிருந்து ஆக்கிய உயிரி எரிபொருளை விற்போர்க்கு மட்டுமே ஊக்கச் சான்று வழங்கியது. வயலிலிருந்து நேரே வந்த எண்ணெய்க்கு அச்சான்று கிடையாது. நியூ யோர்க்கின் முறை அளவைக் கேட்கின்றது. மசாசுசெற்சின் முறை மூலத்தைக் கேட்கின்றது. இரண்டில் எது மேலென்று கேட்டால், இரண்டாவதையே நாம் மேலென்போம். தயங்காமற் சொல்வோம்.

அதிலும் கள்ளம் புகாமலில்லை. கழிவெண்ணெய்க்கு நல்லெண்ணெயினும் கூடிய மதிப்பு உண்டானால், நல்லெண்ணெயையே கழிவென்று பெயரிட்டு விற்க ஆள் வருவர். 2023இல் சீனாவிலிருந்து அமெரிக்காவுக்குப் ‘பாவித்த சமையலெண்ணெய்’ வெள்ளமாக வந்தபோது அதிற் பாம் எண்ணெய் கலந்திருக்குமோ என்ற ஐயம் எழுந்தது. 2024இல் அரசாங்கத்தார் கணக்கேடுகளைச் சோதிக்கலாயினர். ஐரோப்பிய ஒன்றியம் சீன உயிரி டீசல் மீது 2025 பெப்ரவரியில் தண்டவரி விதித்தது. அங்கு பேசப்பட்ட காரணம் விலையைத் தாழ்த்தி விற்றமை. பாலில் நீர் கலப்பவனை நாம் அறிவோம். நீரில் பால் கலந்து நீரென்று விற்று இலாபம் பார்க்கும் காலத்தையும் சட்டங்கள் உண்டாக்க வல்லவை.

இனி நம் வாசலுக்கு வருவோம். 2022 மார்ச்சில், உக்ரேன் போரினாற் சூரியகாந்தி எண்ணெய் தடைப்பட்டபோது, உலக உணவு விவசாய நிறுவனம் கணிக்கும் தாவர எண்ணெய் விலைச்சுட்டி அதுவரை காணாத உச்சியைத் தொட்டது. அடுத்த மாதம் இந்தோனேசியா பாம் எண்ணெய் ஏற்றுமதியைத் தடை செய்து, மூன்று வாரங்களுக்குப் பின்னரே திறந்துவிட்டது. அதே இந்தோனேசியா தன் டீசலில் நூற்றுக்கு 30 பங்கு பாம் எண்ணெயிலிருந்து வந்த எரிபொருளை அப்போதே கட்டாயமாக்கியிருந்தது. 2025இல் அதனை 40 ஆக்கிற்று. அவ்வேளை நமது தீவில் அந்நியச் செலாவணி வற்றிப்போயிருந்தது. எரிபொருளுக்கு வரிசை, எரிவாயுவுக்கு வரிசை, எண்ணெய்ப் போத்தலின் விலை கேட்டு வாய் மூடித் திரும்பிய தாய்மார் எத்தனை பேர்! 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து ஒரே இரவில் 340 ரூபாவாயிற்று. துலாவை விட்டு இயந்திரத்துக்கு மாறிய தோட்டக்காரனும், வெளியிணைப்பு இயந்திரம் பூட்டிய கடற்றொழிலாளியும் அதன் அடியை முழுதாய்த் தாங்கினர். கணப்புச் சட்டம் ஒன்றுதான் இவற்றுக்குக் காரணமென்று நாம் சொல்ல வரவில்லை. போரும் செலாவணியுமே முதற் காரணங்கள். ஆனால் உலகத்து எண்ணெய்க் குடத்திலிருந்து எரிபொருளுக்கென்று ஒரு நிலையான குழாய் பொருத்தப்பட்டபின், பஞ்சம் வரும் ஆண்டில் வளைந்து கொடுக்கவேண்டியது வறியவன் சட்டியே. சட்டத்தால் நிர்ணயித்த பங்கு வளையாது.

இத்தகைய கலவைகளில் நமக்கு முன்னனுபவம் இல்லாமலுமில்லை. 1990இல் தொடங்கிய பொருளாதாரத் தடைக்காலத்தில், குடாநாட்டில் பெற்றோலைத் துளித்துளியாக ஊற்றி இயந்திரத்தை உசுப்பி, மண்ணெண்ணெயில் மோட்டார்ச் சைக்கிள் ஓட்டினோம். புகையால் இருமினோம், இயந்திரமும் இருமிற்று. அது வேறு வழியின்மையின் விளைவு. அந்நாளை நினைந்து, பொரித்த எண்ணெயை வடித்து நேரே நீரிறைக்கும் டீசல் இயந்திரத்தில் ஊற்றலாமோ என்று கேட்கும் இளைஞர்க்கு ஒன்று சொல்வோம்: மாற்றப்படாத தாவர எண்ணெய் உயிரி டீசல் அன்று. அதன் தடிப்பு பீச்சுமுனையிற் கரியாய்ப் படிந்து இயந்திரத்தைத் தின்றுவிடும்.

வேறொரு வலையும் உண்டு. 2003இல் இந்திய அரசாங்கம் காட்டாமணக்கை நம்பிப் பெருந்திட்டம் தீட்டியது. வேலியில் நிற்கும் செடி தரிசு நிலத்திற் பொன் சொரியும் என்றனர். தமிழ்நாட்டிலும் கமக்காரர் பலர் நட்டனர். நீரும் உரமுமின்றி அது காய்க்கவில்லை. காய்த்ததைப் பறிக்கும் கூலிக்கே விலை காணவில்லை. 2017இல் நூற்றுக்கு இருபது கலப்போம் என்று 2009இல் எழுதிய கொள்கை எட்டாக் கனியாயிற்று. 2018இன் புதுக்கொள்கை 2030க்கு ஐந்து என்று இறங்கி வந்தது. வன்னியில் தரிசாய்க் கிடக்கும் நிலத்தைக் காட்டி யாரேனும் இத்தகைய ஒப்பந்தத்தோடு வந்தால், நடும் செலவு யாருடையது, கொள்வனவு விலை எழுத்தில் உண்டா, எத்தனை ஆண்டுக்கு என்ற மூன்றையும் கேட்டபின்பே கமக்காரர் கையெழுத்திடவேண்டும்.

நோர்வே அரசு 2020 சனவரி தொடக்கம், சில விலக்குகளோடு, கட்டடங்களைக் கனிய எண்ணெயாற் சூடாக்குவதைத் தடை செய்துவிட்டது. அங்கு பெரும்பாலோர் மின்சாரத்துக்கும் மரக்கட்டைக்கும் திரும்பினர். உயிரி எண்ணெய்க்கு மாறுதல் சட்டத்தால் தடுக்கப்படவில்லை. நீர்மின்சாரம் மலிந்த நாட்டுக்கு அது எளிது. நியூ இங்கிலாந்தில், மலைச்சாரற் பழைய மரவீட்டில், ஓய்வூதியத்தில் வாழும் முதியவளுக்கு அவ்வளவு எளிதன்று. அவள் தாங்கியில் ஊரிலுள்ள உணவகத்தின் கழிவெண்ணெயிலிருந்து ஆக்கியது பத்துப் பங்கோ இருபது பங்கோ சேர்வதை நாம் வரவேற்கின்றோம். அதே பங்குக்காகச் சுமாத்திராவில் ஒரு காடு விழுவதை வரவேற்க மாட்டோம். நியூ யோர்க் சட்டசபையார் 2030இல் இருபதுக்கு ஏறுமுன், அந்த இருபதும் எங்கிருந்து வந்ததென்பதை ஒவ்வொரு எண்ணெய்ச் சிட்டையிலும் அச்சிடும்படி விதிப்பார்களாயின், மூலத்தை மறைக்கும் வியாபாரிக்கு ஒளிவிடம் குறையும். அந்நாடுகளில் வாக்குரிமை பெற்று வாழும் தமிழர் தம் பிரதிநிதிகளிடம் கேட்கத்தக்க கேள்வி இது. இந்த மாரிக்கு வடிகட்டி மாற்றியாயிற்றா என்பதை அவர்கள் இன்றே பார்த்துக்கொள்ளலாம்.